போர்டுக்குள் இருக்கும் அடுக்குகளை எப்படி உள்ளே வைக்கிறார்கள்?

போர்டு_வைத்தியர்

வணக்கம். பன்னிரண்டு வருடமாக லேப்டாப் போர்டு சர்வீஸ் செய்கிறேன். போன வாரம் வந்த ஒரு போர்டில் 3.3 வோல்ட் லைன் கிரவுண்டோடு, அதாவது மின்சாரம் திரும்பி வரும் பொதுவான செம்போடு, ஷார்ட். அந்த லைனில் இருந்த கெப்பாசிட்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். சந்தேகப்பட்ட ஐசி இரண்டையும் எடுத்துவிட்டேன். இனிக் கழற்ற ஒன்றுமில்லை, மல்டிமீட்டர் மட்டும் பீப் அடித்துக்கொண்டே இருக்கிறது. அப்படியானால் ஷார்ட் போர்டின் உள்ளேயேதான் இருக்கிறது.

வாடிக்கையாளரிடம் உள்ளதைச் சொல்லி வேறு போர்டு போட்டுக் கொடுத்துவிட்டேன். பழையதை என்னிடமே விட்டுப் போனார். ஆனால் விஷயம் மனதை விட்டுப் போகவில்லை. இத்தனை வருடம் இந்தப் போர்டுகளைச் சூடாக்கி, சுரண்டி, சாலிடர் வைத்துப் பிழைத்திருக்கிறேன். உள்ளே இருக்கும் செம்பு அடுக்குகளை எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பெயின்ட் அடிப்பதுபோல ஒன்றின்மேல் ஒன்றாகச் செம்பு பூசுகிறார்களா? மேலே இருக்கும் கோடு நடு அடுக்குக்கு எப்படிப் போய்ச் சேருகிறது? தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள், பொறுமையாகப் படிக்கிறேன்.

செம்புத்தாள்

அண்ணா, நான் ஒன்பது வருடம் போர்டு தயாரிக்கும் ஆலையில் இருந்தவன். பெரும்பாலும் உள்ளடுக்குப் பிரிவிலும் பிரஸ்ஸிலும். உங்கள் கேள்வி எனக்குப் பிடித்த கேள்வி.

பூசுவதில்லை. மெல்லிய இரண்டு பக்கப் போர்டுகளைத் தனித்தனியாகச் செய்து முடித்து, நடுநடுவே பசைத்துணி வைத்து, சூட்டில் அழுத்தி ஒரே பலகையாக்குகிறார்கள். கட்டடம் கீழிருந்து மேலே எழும். போர்டு உள்ளிருந்து வெளியே வளரும்.

அடிப்படைப் பொருள் கண்ணாடி இழைத் துணி. நிஜமாகவே தறியில் நெய்த துணிதான், ஊடும் பாவும் இருக்கும். அதை எபாக்சி பிசினில் ஊறவைத்தால் நாம் எஃப்ஆர்-4 என்று சொல்கிற சரக்கு. தீப்பிடித்தாலும் தானாக அணைந்துவிடும் வகை என்பதைத்தான் அந்த எஃப்ஆர் குறிக்கிறது.

அதிரசத்துக்குப் பாகு காய்ச்சிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். எபாக்சிக்கும் பதம் உண்டு. தண்ணீராக ஓடுவது முதல் பதம். துணியில் ஏற்றி, சூட்டில் ஓரளவு உலர்த்தி, கையில் ஒட்டாத ஆனால் முழுதாக வேகாத நிலையில் நிறுத்துவது இரண்டாம் பதம். அந்தத் துணிக்குப் பெயர் பிரீபிரெக். மறுபடி சூடேற்றினால் இளகி வழிந்து, பிறகு நிரந்தரமாக இறுகிவிடும். இறுகியபின் எவ்வளவு சூடு கொடுத்தாலும் திரும்ப உருகாது. பிரீபிரெக்கைக் குளிர் அறையில் வைத்திருப்போம். வெளியே கிடந்தால் நாளாக ஆகப் பதம் தாண்டிவிடும், பிறகு ஒட்டாது.

இரண்டு பக்கமும் செம்புத்தாள் வைத்து முழுதாக வேகவைத்து வருவது கோர். நான்கு அடுக்குப் போர்டு என்றால் நடுவில் ஒரு கோர், மேலும் கீழும் பிரீபிரெக், அதற்கு வெளியே தனிச் செம்புத்தாள். கோரின் இரண்டு முகங்கள் 2ஆம், 3ஆம் அடுக்கு. வெளித்தாள்கள் 1ஆம், 4ஆம் அடுக்கு. மொத்தம் 1.6 மி.மீ. கனமுள்ள டெஸ்க்டாப் போர்டில் ஒவ்வொரு உள்ளடுக்குச் செம்பும் 35 மைக்ரான் இருந்தால் அதிகம். மீதியெல்லாம் துணியும் பிசினும்தான்.

முதலில் கோரில் கோடுகளை உருவாக்க வேண்டும். செம்பின்மேல் டிரை ஃபிலிம் என்ற ஒளியுணர் படலத்தை உருட்டி ஒட்டி, புற ஊதா ஒளியில் டிசைனைப் பதிப்போம். ஒளி பட்ட இடம் இறுகும். படாத இடத்தை ஒரு சதவீதம் அளவிலான சலவை சோடாக் கரைசல் கழுவிவிடும். பிறகு எட்சிங் தொட்டியில் விட்டால், படலம் மூடாத செம்பு கரைந்து போகும். மிஞ்சுவது கோடு. கடைசியாகப் படலத்தை உரித்தால் பளபளவென்று உள்ளடுக்கு நிற்கும்.

அடுத்து வருகிற இடம்தான் உங்கள் ஷார்ட்டுக்கு நெருக்கமானது. ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு கோரையும் கேமரா இயந்திரம் டிசைனோடு ஒப்பிட்டுப் பார்க்கும். எங்கள் மேற்பார்வையாளர் அந்த மேசையில் நிற்கும் பெண்களிடம் தினமும் சொல்வார்: இங்கே விட்டால் அப்புறம் யாராலும் தொட முடியாது. ஒரு மயிரிழைச் செம்பு கரையாமல் நின்றிருந்தால் இந்த மேசையில் கத்தியால் சுரண்டிவிடலாம். பிரஸ்ஸுக்குள் போய்விட்டால் அவ்வளவுதான்.

பளபளக்கும் செம்பில் பிசின் பிடிக்காது. அதனால் ஒரு ரசாயனக் குளியலில் செம்பின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கிப் பழுப்பு நிறமாக்குவோம். பிறகு அடுக்கி, நடுநடுவே எஃகுத் தகடு வைத்து, வெற்றிட பிரஸ்ஸில் ஏற்றுவோம். 180 டிகிரிக்கு மேல் சூடு, சதுர சென்டிமீட்டருக்கு இருபது கிலோ அளவில் அழுத்தம். அந்தச் சூட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்க வேண்டும். சூடேறவும் மெதுவாக ஆறவும் தனி நேரம். அவசரமாக ஆறவைத்தால் பலகை வளைந்துவிடும்.

துளை போடுவது பெரிய கதை, அதைத் தனியாக எழுதுகிறேன்.

மூன்றாமாண்டு_இசிஇ

சார், ரொம்ப நன்றி. எங்கள் லேபில் ஒரு பக்கப் போர்டை ஃபெரிக் குளோரைடில் செய்ததோடு சரி. எனக்கு ஒரு சந்தேகம். எல்லாவற்றையும் ஒட்டிய பிறகு மேலிருந்து கீழ்வரை துளை போட்டு, உள்ளே செம்பு பூசினால், அந்தத் துளை எல்லா அடுக்கையும் தொடுமே? எல்லாம் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகாதா?

செம்புத்தாள்

தம்பி, சரியான இடத்தைப் பிடித்தீர்கள். துளை தொடக் கூடாத அடுக்கில், அந்தத் துளையைச் சுற்றி ஒரு வட்டம் அளவுக்குச் செம்பை எட்சிங்கிலேயே எடுத்துவிடுவார்கள். துளை அந்த வெற்று வட்டத்தின் நடுவே புகுந்து போகும், செம்பைத் தொடாது. தொட வேண்டிய அடுக்கில் செம்பு துளைவரை வரும். ஒரே துளை இரண்டாவது அடுக்கைத் தொட்டு, மூன்றாவதை விட்டுத் தாண்டிப் போவது இப்படித்தான்.

இதில்தான் ஆலையின் திறமையே இருக்கிறது. பிரஸ்ஸில் போன கோர் அளவு மாறாமல் வெளியே வராது, சுருங்கும். அடி நீளத்துக்குக் கால் மி.மீ. சுருங்கினால்கூட வட்டமும் துளையும் விலகிவிடும். அதனால் எவ்வளவு சுருங்கும் என்று அனுபவத்தில் கணக்கிட்டு, அந்த அளவுக்கு டிசைனை முன்கூட்டியே பெரிதாக்கிப் பதிப்போம். துணியின் பாவு வாக்கில் ஒரு கணக்கு, ஊடு வாக்கில் வேறு கணக்கு. பிரஸ்ஸிலிருந்து வந்ததும் எக்ஸ்ரேயில் உள்ளே இருக்கும் குறிகளைப் பார்த்து, அதற்கேற்ப ஆதாரத் துளை போட்டு, அங்கிருந்துதான் மற்ற எல்லாத் துளைகளையும் அளப்போம்.

ட்ரில் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். முனை டங்ஸ்டன் கார்பைடு, விட்டம் 0.2, 0.3 மி.மீ. கண்ணாடித் துணியை அறுப்பதால் சீக்கிரம் மழுங்கும். மழுங்கிய முனை வெட்டுவதற்குப் பதில் தேய்க்கும். தேய்த்தால் சூடு, சூட்டில் பிசின் இளகி, துளைச் சுவரில் எட்டிப் பார்க்கும் செம்பு விளிம்புகளின்மேல் மெழுகினாற்போல் படிந்துவிடும். அதைப் பெர்மாங்கனேட் குளியலில் அரித்து எடுத்த பிறகுதான் பூச்சு.

சுவரோ பிசினும் கண்ணாடியும். அதில் மின்சாரம் ஓடாது, மின்முலாம் பிடிக்காது. ஆகவே முதலில் பல்லேடியத் துகள்களைச் சுவரில் ஒட்டவைத்து, மின்சாரமே இல்லாமல் ரசாயன வினையால் ஒரு மைக்ரானுக்கும் குறைவான செம்புப் படலத்தை வரவைப்போம். அது பிடித்தபின், அதன்மேல் சாதாரண மின்முலாம் போட்டு 20, 25 மைக்ரானுக்குக் கொண்டுவருவோம். அந்தச் செம்புக் குழாய்தான் வயா. 

நான் இருந்த ஆலையில் ஒருமுறை ஒரு தொகுதி முழுக்கத் திரும்பி வந்தது. குளிர்ந்திருந்தால் வேலை செய்யும், சூடானால் நின்றுவிடும். இரண்டு வாரம் எல்லோரும் சாலிடரைக் குற்றம் சொன்னார்கள். கடைசியில் ஒரு வயாவைக் குறுக்காக வெட்டி, பாலிஷ் போட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்தால், உள்ளடுக்குச் செம்புக்கும் குழாய்க்கும் நடுவில் மெல்லிய கறுப்புக் கோடு. அரித்து எடுக்காமல் விட்ட பிசின். இரண்டும் ஒட்டவே இல்லை, தொட்டுக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. சூட்டில் எபாக்சி செம்பைவிடப் பல மடங்கு தடிமன் வாக்கில் விரியும், அந்தத் தொடுகையும் விட்டுப்போகும். அந்தக் கறுப்புக் கோடு இன்றும் எனக்குக் கண்ணில் நிற்கிறது.

ரோபோ_பட்டறை

நான் பொழுதுபோக்காகச் செய்கிறவன், எப்போதும் இரண்டு அடுக்குப் போர்டுதான். பத்து வருடமாகப் பிரச்சினை இல்லை. மதர்போர்டுப் பெட்டிகளில் '6 அடுக்கு', 'இரட்டைச் செம்பு' என்று பெரிதாகப் போடுகிறார்கள். 2008இல் கிகாபைட் இரண்டு அவுன்ஸ் செம்பு (சுமார் 70 மைக்ரான் கனம்) என்று விளம்பரம் செய்தது ஞாபகம் இருக்கிறது. இவ்வளவு சிரமப்பட்டு அடுக்குகளைக் கூட்டுவது கோடு போட இடம் போதாததால் மட்டும்தானா?

தடம்_வரைபவள்

போர்டு லேஅவுட், அதாவது எந்தக் கோடு எங்கே ஓட வேண்டும் என்று வரைவது என் வேலை, அதனால் இதற்கு நான் பதில் சொல்கிறேன். இடப் பற்றாக்குறை பாதிக் காரணம்தான். நான்கு அடுக்கு மதர்போர்டில் உள்ளே இருக்கும் இரண்டு அடுக்கில் பொதுவாகக் கோடுகளே பெரிதாக இருக்காது. ஒன்று முழுக்க கிரவுண்ட், இன்னொன்று பவர். அகலமான செம்புப் பரப்பு, வயாக்களுக்காக விட்ட வட்ட ஓட்டைகள், அவ்வளவுதான். 

மின்னோட்டம் போனதோடு முடிவதில்லை, திரும்பி வர வேண்டும். மெதுவான சிக்னல் எங்கே தடை குறைவோ அந்த வழியில் சுற்றித் திரும்பும். வேகமான சிக்னல் அப்படிச் செய்யாது. மேலே கோடு எப்படி வளைந்து போகிறதோ, அதற்கு நேர் கீழே கிரவுண்ட் பரப்பில் நிழல்போல அதே வளைவில் திரும்பி வரும். அந்த நிழலுக்கு இடம் வேண்டும். பரப்பு நடுவில் பிளவுபட்டிருந்தால் நிழல் சுற்றிப் போகும், அங்கே சிக்னல் சிதறும், பக்கத்துக் கோட்டிலும் ரேடியோவிலும் இரைச்சலாகக் கேட்கும்.

எஃப்ஆர்-4இல் சிக்னல் ஒரு நானோ விநாடியில் சுமார் 15 செ.மீ. போகிறது, ஒளியின் வேகத்தில் பாதி. உங்கள் ரோபோ போர்டில் இருக்கும் கோடு சில செ.மீ. நீளம், சிக்னலும் நிதானமானது, அதனால் இரண்டு அடுக்கு தாராளமாகப் போதும். அதில் தவறே இல்லை. டிடிஆர்5 நினைவகமும் பிசிஐ எக்ஸ்பிரஸும் வரும் இடத்தில் கோட்டின் அகலம், கிரவுண்டுக்கு உள்ள தூரம், இடையில் உள்ள பிரீபிரெக்கின் கனம் மூன்றும் சேர்ந்து, வேகமான சிக்னலுக்குக் கோடு காட்டும் தடையாக 50 ஓம், 85 ஓம் என்று ஒரு எண்ணைத் தர வேண்டும். கோட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 0.1 மி.மீ. அளவில் மெல்லிய பிரீபிரெக் வைத்தால் கோடும் மெலிதாகவே போதும். இரண்டு பக்கப் போர்டில் கிரவுண்ட் 1.6 மி.மீ. தள்ளிக் கிடக்கிறது. அங்கே 50 ஓம் வர வேண்டுமானால் கோடு ஏறக்குறைய 3 மி.மீ. அகலம் வேண்டும். ஒரு நினைவக ஸ்லாட்டுக்கு எத்தனை கோடு போகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் அடுக்கு எண்ணிக்கையைப் பார்த்து நான் போர்டு வாங்கமாட்டேன். 6 அடுக்கில் மோசமாகப் போட்ட டிசைனும் உண்டு, 4 அடுக்கில் அழகாகச் செய்ததும் உண்டு. ஆனால் பவர் பகுதியில் கனமான செம்பு சூட்டைப் பரப்புவது உண்மை.

செம்புத்தாள் அண்ணா ஊடும் பாவும் என்று சொன்னதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. கண்ணாடி இழையின் மின்காப்பு மாறிலி 6 அளவில், பிசினுடையது 3 அளவில். இந்த எண் கூடினால் சிக்னல் மெதுவாகும். ஜோடியாகப் போகும் இரண்டு கோடுகளில் ஒன்று இழைக்கட்டின் மேலேயும் மற்றது இழைகளுக்கு நடுவிலுள்ள பிசின் மேலேயும் போனால், ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். மிக வேகமான போர்டுகளில் இதனால் ஜோடி கெட்டுப்போகிறது. அதற்காக டிசைனையே துணியின் வாக்குக்குப் பத்து டிகிரி சாய்த்துப் போடுவது உண்டு. நெசவைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்று இந்த வேலைக்கு வரும்போது எனக்குத் தெரியாது.

மூன்றாமாண்டு_இசிஇ

அக்கா, 4, 6, 8 என்று எல்லாமே இரட்டைப்படையாக இருக்கிறதே, ஏன்? 5 அடுக்கு செய்ய முடியாதா?

தடம்_வரைபவள்

முடியும். 1976இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்துக்குப் போன கிரே-1 சூப்பர் கம்ப்யூட்டரின் போர்டுகள் 5 அடுக்கு. வெளியே இரண்டும் சிக்னல். உள்ளே மூன்றும் கிரவுண்ட், மைனஸ் 5.2 வோல்ட், மைனஸ் 2 வோல்ட். இரண்டிரண்டு போர்டாக முதுகோடு முதுகு சேர்த்து, நடுவில் சூட்டை இழுக்க ஒரு செம்புத் தகடு. 

இப்போது இரட்டைப்படை ஏன் என்றால், கோரே இரண்டு முகத்திலும் செம்போடு வருகிறது, வெளித்தாளும் இரண்டு. ஐந்து வேண்டுமானால் ஒரு முகத்துச் செம்பை முழுக்கக் கரைத்து வீணாக்க வேண்டும். காசு மிச்சமாகாது. நடுக்கோட்டுக்கு மேலும் கீழும் கனமும் செம்பும் சமமாக இல்லாவிட்டால் போர்டு அப்பளம் போல வளையவும் செய்யும். மேலே கிரவுண்ட் பரப்பு, கீழே நாலே நாலு கோடு என்று நான் ஒருமுறை அனுப்பிய டிசைனை ஆலைக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் செய்தது சரி.

போர்டு_வைத்தியர்

எல்லோருக்கும் நன்றி. எனக்கு ஒன்று இப்போதுதான் விளங்குகிறது. கிரவுண்ட் பின்னை மட்டும் கழற்ற எப்போதும் உயிர் போகும், சாலிடர் இளகவே இளகாது. சூட்டை உள்ளே இருக்கும் பரப்பு முழுக்க இழுத்துக்கொள்கிறது, இல்லையா?

இன்னும் ஒன்று. லேப்டாப் போர்டு 1.6 மி.மீ. இருக்காது, மெலிதாக இருக்கும். அதில் துளையே தெரியாத இடத்திலும் இணைப்பு இருக்கிறது. அப்புறம் சில போர்டை ஹாட் ஏரில் சூடாக்கும்போது குமிழ் போல உப்பிவிடுகிறது. என்ன காரணம்?

செம்புத்தாள்

ஆமாம் அண்ணா, அதே காரணம்தான். அதனால்தான் கால் வைத்த பாகங்களின் கிரவுண்ட் துளையைப் பரப்போடு முழுசாக ஒட்டாமல், நான்கு மெல்லிய கைகளால் மட்டும் இணைப்பார்கள். கீழிருந்து ப்ரீஹீட்டரில் போர்டு முழுவதையும் முதலில் சூடாக்கிக்கொண்டால் உங்கள் சிரமம் பாதியாகும்.

துளை தெரியாத இணைப்பு லேசர் வயா. நடுப்பலகையை முழுதாக முடித்து, அதன்மேல் ஒரு பிரீபிரெக்கும் செம்புத்தாளும் ஒட்டி, லேசரால் 0.1 மி.மீ. அளவில் குழி எடுப்பார்கள். லேசர் பிசினை எரித்துக்கொண்டு போய் அடியில் உள்ள செம்பில் நின்றுவிடும். அதில் செம்பு நிரப்பி, மறுபடி ஒரு சுற்று ஒட்டலாம். ஒவ்வொரு சுற்றும் மறுபடி பிரஸ், மறுபடி முலாம். மெல்லிய போர்டின் விலை அங்கேதான் ஏறுகிறது.

உப்புவது ஈரம். எபாக்சி காற்றிலிருந்து மெல்ல மெல்ல ஈரம் குடிக்கும். திடீரென்று 240 டிகிரி காட்டினால் அது ஆவியாகி அடுக்குகளைப் பிரித்துவிடும். பெரிய ஐசி எடுக்கும் முன் 105, 110 டிகிரியில் சில மணி நேரம் வைத்து உலர்த்துங்கள். பேட்டரியையும் பிளாஸ்டிக் பாகங்களையும் முதலில் கழற்றிவிடுங்கள்.

அந்த ஷார்ட் போர்டு இன்னும் கையில் இருக்கிறதல்லவா? அந்த லைனில் ஒரு வோல்ட்டுக்கும் குறைவாகக் கொடுத்து, மேலே ஐசோபுரோபைல் ஆல்கஹால் தடவினால் எங்கே முதலில் உலர்கிறதோ அங்கேதான் கோளாறு. அந்த இடத்துக்குப் பக்கத்தில் அறுத்து, உப்புத்தாளில் தண்ணீர் விட்டுக்கொண்டே தேயுங்கள். முதலில் 400, பிறகு 1000, 2000. தண்ணீர் இல்லாமல் தேய்க்காதீர்கள், மாஸ்க்கும் போடுங்கள், கண்ணாடித் தூள் நுரையீரலுக்கு ஆகாது. 

போர்டு_வைத்தியர்

மூன்று சாயங்காலம் ஆயிற்று. செய்துவிட்டேன்.

ஆல்கஹால் உலர்ந்த இடம் பவர் ஐசிக்கு ஒரு விரல் தள்ளி, பாகமே இல்லாத வெற்று இடம். அறுத்துத் தேய்த்ததும் விளிம்பில் முதலில் எட்டுக் கோடுகள் தெரிந்தன, எட்டு அடுக்கு. வெளியே உள்ள இரண்டும் தடித்து, உள்ளே உள்ளவை மெலிந்து. செம்புத்தாள் சொன்ன துணியும் தெரிகிறது. இழைக்கட்டுகள் அலை அலையாக, குறுக்கே வரும் கட்டுகள் புள்ளிகளாக.

2000 தாளுக்கு வந்தபோது ஒரு வயா பாதியாகப் பிளந்து நின்றது. மேலிருந்து கீழ்வரை இரண்டு செம்புச் சுவர். 3.3 வோல்ட் அடுக்கில் செம்பு இரண்டு பக்கமும் வந்து சுவரோடு சேர்கிறது. மற்ற அடுக்குகளில் தள்ளியே நிற்கிறது. கிரவுண்ட் அடுக்கு ஒன்றில் மட்டும் இடது பக்க இடைவெளி, வலது பக்கத்தைப்போல மூன்று மடங்கு இருக்கிறது. துளை வட்டத்தின் நடுவில் இல்லை. வலது பக்கம் செம்புக்கும் சுவருக்கும் நடுவில் கறுப்பாகக் கருகியிருக்கிறது.

செம்புத்தாள்

அண்ணா, அது அடுக்கு விலகல். பிறக்கும்போதே இடைவெளி குறைவாக இருந்திருக்கிறது. ஆலையில் மின்சோதனை செய்யும்போது ஷார்ட் இல்லை, அதனால் தேறிவிட்டது. பல வருடச் சூடும் ஈரமும் கண்ணாடி இழையின் ஓரமாகச் செம்பை மெல்ல வளரவிட்டு ஒருநாள் தொட்டிருக்கலாம். கருகிப்போனதால் அதை இனி உறுதியாகச் சொல்ல முடியாது. நீங்கள் கழற்றிய ஒரு கெப்பாசிட்டரிலும் குற்றமில்லை.

படம் இருந்தால் ஏற்றுங்கள்.

போர்டு_வைத்தியர்

ஃபோன் லென்ஸில் அந்த வலது பக்கம் மட்டும் ஃபோகஸ் ஆகவில்லை. நாளைக்குக் கண்ணாடிக் கடைக்காரரிடம் லூப் (சின்ன உருப்பெருக்கி) வாங்கி எடுத்து ஏற்றுகிறேன்.